கண்ணாமூச்சி அக்காவுக்கு ஒரு பள்ளி

அந்த அழகு நிலையத்தில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவளுக்கு வாடிக்கையாளர்கள் வைத்திருந்த பெயர் கண்ணாமூச்சி அக்கா. நாற்காலியில் வந்து உட்காருகிறவர் யாராக இருந்தாலும், கழுத்தில் துண்டைச் சுற்றிய கையோடு, "கண்ண மூடிக்கோங்க" என்பாள். புருவம் திருத்தும்போது சொன்னால் நியாயம். முகத்துக்குப் பூச்சு போடும்போது சொன்னாலும் நியாயம். கால் நகம் வெட்டும்போது கண்ணுக்கு என்ன வந்தது? இதை வாய்விட்டுக் கேட்டவர் ஒரு வழக்கறிஞர் அம்மா மட்டும்தான். "அப்பத்தான் உடம்பு தளரும். ரத்தம் நல்லா ஓடும்" என்று அவள் ஒரு போடு போட்டாள். வழக்கறிஞர் அம்மா அதை நம்பி, வீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டே நகம் வெட்டிப் பார்த்திருக்கிறார். ரத்தம் நன்றாகவே ஓடியதாம்.

உண்மைக் காரணம் வேறு. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்குக் கை நடுங்கும். குளிரில் நடுங்குவது போல விரல் நுனி வரைக்கும் நடுங்கும். பார்ப்பவர் கண்ணை மூடிவிட்டால் போதும், அதே கை தலைமுடியைப் பிளக்கச் சொன்னாலும் பிளக்கும். அதனால்தான் நாற்காலியைக்கூடக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்திருந்தாள். முதலாளியம்மா அதை ஏதோ புதுப் பாணி என்று நினைத்துக்கொண்டு மற்ற நாற்காலிகளையும் திருப்பிப் போட்டுவிட்டார். இந்த ரகசியம் பதினோரு வருடமாக ஒரு பிள்ளைக்கும் தெரியாமல் இருந்தது.

அதற்கு வேட்டு வைத்தது ஒரு புதுச் சட்டம்.

"அடுத்த வருஷத்துலேர்ந்து லைசன்ஸ் இல்லாதவங்க கஸ்டமர் மேல கையே வைக்கக் கூடாதாம்," என்றார் முதலாளியம்மா. "ஒழுங்கா ஒரு பள்ளியில சேந்து படிச்சு வாங்கிட்டு வா. இல்லேன்னா முன்னாடி மேசையில உக்காந்து போன் எடு."

போன் எடுப்பதா? இந்த வேலை அவளுக்கு உயிர். வாடிப் போய் வருகிற ஒரு முகம் அரை மணி நேரத்தில் தெளிந்து எழுந்து போவதைப் பார்க்கிறதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் வேறு எதிலும் இருந்ததில்லை. சரி, படித்துவிடலாம். நாற்பத்திரண்டு வயதில் பாடப் புத்தகத்தைத் தூக்குவதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் படிப்பு முடிந்து செய்முறைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நிஜ மனிதர் ஒருவரை உட்கார வைத்து வேலை செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு தேர்வாளர்கள், கையில் தாளோடு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அவர்களிடம் போய் "கண்ண மூடிக்கோங்க" என்று சொல்ல முடியுமா?

சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டிலோ அதைவிடப் பெரிய தேர்வாளர் ஒருவர் இருந்தார்.

அவள் கணவர் கண்ணாடிப் பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். விளக்கு வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவருகிற பாட்டில்களில் எதில் கீறல், எதில் குமிழ் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துத் தள்ளிவிடுவது அவர் வேலை. எட்டு மணி நேரம் அதைச் செய்துவிட்டு வருகிற மனிதர் வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கழற்றி ஆணியிலா மாட்டுவார்? குழம்புக் கரண்டியிலிருந்து மகளின் மதிப்பெண் அட்டை வரை எல்லாம் அந்தப் பார்வைக்குத் தப்பாது. மகள் அவருக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. அவர் இல்லாதபோது மட்டும் சொல்லுவாள்.

மனைவி படிக்கப் போகிறாள் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டார். பள்ளியின் பெயர், தூரம், பேருந்து வசதி, வகுப்பு நேரம், அரசு ஒப்புதல் உண்டா, எத்தனை பேர் தேறினார்கள், கழிப்பறை சுத்தமா என்று பதினேழு கட்டம். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அதை ஒட்டிவிட்டு, பக்கத்தில் நூல் கட்டி ஒரு பென்சிலும் தொங்கவிட்டார்.

பட்டியலில் முதலில் மூன்று பள்ளிகள் இருந்தன. "மூன்றே வாரத்தில் சான்றிதழ்" என்று சுவரெங்கும் ஒட்டியிருந்த ஒரு பள்ளியை அவர் தொலைபேசியிலேயே முடித்துவிட்டார்.

"உங்க சான்றிதழ வெச்சு லைசன்ஸ் தேர்வு எழுத விடுவாங்களா?"

எதிர்முனையில் "ஃப்ரேம் போட்டே தருவோம் சார்" என்றது ஒரு குரல்.

மிச்சம் இரண்டு. இரண்டுக்கும் ஒப்புதல் இருந்தது. இரண்டிலும் பத்து மாதப் படிப்பு. கடைத்தெருவில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்ததை எல்லாரும் பெரிய பள்ளி என்றார்கள். இன்னொன்று டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் நாத்தனார். பக்கத்துக் குடியிருப்பில் இருந்துகொண்டு, இங்கே எது கொதித்தாலும் மூடியைத் திறந்து பார்க்க வருகிறவள். "பெரிய பள்ளியோட விளம்பரப் புத்தகத்தப் பாரு, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. டயர் கடை மாடியில படிச்சா முகத்துல கிரீசா பூசுவே?"

கண்ணாமூச்சி அக்காவுக்கு வேண்டிய கட்டம் அந்தப் பதினேழில் இல்லை. பார்க்கிற கண்ணுக்கு முன்னால் வேலை செய்ய எந்தப் பள்ளி கற்றுக்கொடுக்கும் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வீட்டில் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். இந்தப் பள்ளிகளில் வாரத்தில் ஒருநாள் பயிற்சி நாள். மாணவர்கள் கைபழக, தெருவில் போகிறவர்கள் யார் வேண்டுமானாலும் போய் முகத்தையோ தலையையோ கொடுக்கலாம். தன் தலையையே கொடுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

பெரிய பள்ளிக்கு முதலில் போனாள். உள்ளே நுழைந்ததும் முகத்தில் குளிர்ந்த காற்றும் பன்னீர் வாசனையும் அடித்தன. நாற்காலி அப்படியே மடியில் வாங்கிக்கொண்டது. ஒரு சின்னப் பெண் நூலை எடுத்துப் புருவத்தில் வைத்தாள். நூல் நாலு தடவை ஓடியிருக்கும், ஐந்தாவது தடவை கொஞ்சம் தயங்கியது. அவ்வளவுதான். பின்னால் நின்றிருந்த ஆசிரியை, "குடு, குடு" என்று நூலைப் பிடுங்கி இரண்டு நிமிடத்தில் இரண்டு புருவத்தையும் முடித்துவிட்டார். என்ன கை! வில்லை வளைத்து வைத்தது போலப் புருவம். அப்படியே அடுத்த நாற்காலிக்குப் போய், அங்கே ஒரு பையன் கையிலிருந்த சீப்பையும் பிடுங்கினார்.

"நீ எத்தன மாசமா படிக்கிறே?" என்று மெல்லக் கேட்டாள் இவள்.

"ஏழு மாசம்க்கா."

"எத்தன புருவம் முடிச்சிருக்கே?"

அந்தப் பெண் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காதோடு சொன்னாள். "பாதி பாதியா நெறைய பண்ணியிருக்கேன். முழுசா ஒண்ணு கூட முடிச்சதில்ல. மேடம் வாங்கிடுவாங்க."

வீட்டுக்கு வந்தபோது வரவேற்பு பலமாக இருந்தது. மகள் விசிலடித்தாள். நாத்தனார் மூக்கின் மேல் விரலை வைத்தாள். கணவர் அவளை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போய், இடது புருவம், வலது புருவம் என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்ல" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. பென்சிலை எடுத்துக் கைவேலைக் கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டார். அன்றைக்கே விண்ணப்பத்தைத் தருவித்து, தன் மணிமணியான கையெழுத்தில் நிரப்பத் தொடங்கிவிட்டார்.

அவள் மட்டும் கண்ணாடிமுன் நின்று அந்த அழகான புருவத்தைப் பார்த்துக் கலங்கினாள். அது அந்தப் பெண் திருத்திய புருவம் இல்லை. அங்கே போனால் தன் கையிலிருந்தும் நூலைப் பிடுங்குவார்கள், தனக்கும் அப்பாடா என்று இருக்கும். தேர்வு நாளில் யார் பிடுங்குவார்கள்?

அடுத்த வாரம் டயர் கடை மாடி ஏறினாள். படிக்கட்டில் புது ரப்பர் வாசனை. மேலே ஒரே நீள அறை, வெவ்வேறு கடைகளில் பொறுக்கியது போல ஒன்றுக்கொன்று சேராத ஆறு நாற்காலிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் சுவரளவு கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே கையால் எழுதி ஒட்டியிருந்தது: "தலை கொடுப்பவர்கள் கண்ணைத் திறந்து வைக்கவும். பிடிக்காததை அப்போதே சொல்லவும்."

அவளுக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் துண்டோடு ஒருவர் வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். கதவளவு அகலம், மூக்குக்குக் கீழே அடர்ந்த மீசை, மேலே பூப்போட்ட ஏப்ரன்.

"உக்காருங்கம்மா. நான் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவன். இடுப்பு போச்சு, இதுக்கு வந்துட்டேன்," என்று தானாகவே சொன்னார். "பயப்படாதீங்க, தோள் வரைக்கும் இருக்குற முடிய ரெண்டு இஞ்ச் கொறைக்கப் போறேன், அவ்வளவுதான்."

கத்தரியைத் தூக்கியதும் அவர் கை நடுங்கியது.

தன்னுடைய நடுக்கத்தை இன்னொருவர் கையில் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. அதே நடுக்கம், விரல் நுனி வரைக்கும்.

"பின்னாடி அறுபது பேர் உக்காந்திருந்தப்பக்கூட இது இல்லம்மா," என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் அவளைப் பார்த்து அசடு வழிந்தபடி. "பஸ்ஸுல கண்ணாடியில நான் அவங்களப் பாப்பேன். இங்க அவங்க என்னப் பாக்குறாங்க. அதான் வித்தியாசம்."

அவள் என்ன செய்வாள்? பாவம் என்று தோன்றியது. அந்த மனிதருக்குத் தன்னால் முடிந்த உதவி என்று, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஐயோ, மூடாதீங்கம்மா," என்று பதறினார் ஓட்டுநர். "கண்ணத் திறங்க. நீங்க பாத்தாத்தானே எனக்குப் பழகும்."

அவள் கண்ணைத் திறந்தாள். திறந்த வேகத்தில் கத்தரி ஒரு தாவு தாவியது. இடது பக்கம் இரண்டு அங்குலத்துக்குப் பதில் நாலு அங்குலம் மடியில் விழுந்தது.

ஆசிரியை வந்தாள். ஓட்டுநரின் பாதி வயதுகூட இருக்காது. வெள்ளைக் கோட்டின் இரண்டு பைகளிலும் கையை விட்டுக்கொண்டு நின்றாள். ஓட்டுநர் கத்தரியை அவளிடம் நீட்டினார்.

"நீங்க பிடிங்க மேடம்."

"என் கை பாக்கெட்டுல இருக்கு," என்றாள் ஆசிரியை. "தேர்வு அன்னிக்கும் அங்கதான் இருக்கும். என்னாச்சுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. என்ன செய்யலாம்னு கேளுங்க."

ஓட்டுநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, இடது பக்கம் நாலு இஞ்ச் போயிடுச்சு. தப்பு என்னுது. சமமா வரணும்னா காதுக்குக் கீழ வரைக்கும் எடுக்கணும். எடுக்கட்டுமா?"

கண்ணாமூச்சி அக்காவுக்கு உள்ளங்கை அரித்தது. கத்தரியை வாங்கி நாலு நிமிடத்தில் தானே சரிசெய்துவிடலாம். ஆசிரியையின் பைக்குள்ளும் விரல்கள் நெளிந்துகொண்டிருந்தது கோட்டுத் துணிக்கு மேலேயே தெரிந்தது. ஆனாலும் அந்தக் கை வெளியே வரவில்லை.

"எடுங்கண்ணா," என்றாள்.

"சுண்டுவிரல அவங்க தலையில ஊனிக்கோங்க," என்றாள் ஆசிரியை. "நடுங்கட்டும். ஊனின கை நடுங்கினாலும் விலகாது."

நாற்பது நிமிடம் ஆனது. அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். கடைசி வரைக்கும் நடுக்கம் நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டே அந்தக் கை வெட்டியது, சீவியது, அளந்து பார்த்தது, சமம் வராமல் காதுக்கு மேலே வரை மறுபடி வெட்டியது. முடித்துவிட்டு ஓட்டுநர் துண்டால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியில் காது இரண்டும் வெளியே தெரிய, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது ஆசிரியையிடம் கேட்டாள். "அந்த நடுக்கம் நிக்குமா?"

"சிலருக்கு நிக்கும். சிலருக்கு நிக்கவே நிக்காது," என்றாள் ஆசிரியை. "ரெண்டு மாசம் முன்னாடி அவரால கத்தரியத் திறக்கவே முடியல. இன்னிக்கு உங்க தலைய முடிச்சிட்டாரே."

வீட்டுக்கு வந்தபோது ஒரு நிமிடம் யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. தெரிந்த பிறகு மகள் விக்கல் வரும்வரை சிரித்தாள். "யார்கூட சண்டை போட்டே?" என்று நாத்தனார் வாயைப் பிளந்தாள். கணவர் அவளைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"வலது பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் தூக்கல்," என்று சொல்லி, டயர் கடை மாடிக்கு நேராகப் பூஜ்யம் போட்டார். பிறகு பெரிய பள்ளியின் விண்ணப்பத்தை அவள் முன்னால் வைத்து, பேனாவையும் திறந்து கொடுத்தார். "கையெழுத்து மட்டும் போடு."

அவள் பேனாவை மூடினாள். "நான் டயர் கடை மாடியிலதான் படிக்கப் போறேன்."

"முடியோட மூளையையும் வெட்டிட்டாங்களா?" என்று நாத்தனார் கொதித்தாள். மகளின் விக்கல்கூட நின்றுவிட்டது. கணவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கீறல் எங்கே என்று தேடுகிற பார்வை.

"அப்படிப் பாக்காதீங்க," என்றாள் அவள். "நீங்க பாக்குறப்ப எனக்குக் கை நடுங்குது. யார் பாத்தாலும் நடுங்குது. பதினோரு வருஷமா எல்லாரையும் கண்ண மூட வெச்சுத்தான் வேலை செய்யறேன். தேர்வுல யாரும் கண்ண மூட மாட்டாங்க. பெரிய பள்ளியில கை நடுங்கினா வேலையப் பிடுங்கிக்கிறாங்க. மாடியில பிடுங்கல."

நாத்தனார் மகளின் நின்றுபோன விக்கலுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அதனாலதான் நீ எனக்கு முடியே வெட்டினதில்லையா?" என்று கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

"பதினோரு வருஷமா மாசாமாசம் தெருமுனைக் கடைக்குப் போறேன். ஊருக்கெல்லாம் வெட்டுறா, எனக்கு மட்டும் வெட்ட மாட்டேங்கிறாளே, நம்ம தலையில ஏதோ குறை போலன்னு நெனச்சுட்டேன்." கையால் மண்டையின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டார். "கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உலகத்துப் பாட்டில்களில் எல்லாம் குறை கண்டுபிடிக்கிற மனிதர், தன் மண்டையில் இல்லாத குறையைப் பதினோரு வருடம் தேடியிருக்கிறார்.

அவர் எழுந்துபோய்ப் பதினெட்டாவதாக ஒரு கட்டம் போட்டார். "பிடுங்காமல் இருப்பார்களா" என்று தலைப்பு எழுதினார். பெரிய பள்ளிக்குப் பூஜ்யம், மாடிக்குப் பத்து. கூட்டிப் பார்த்தார். அப்போதும் பெரிய பள்ளிதான் நாற்பது மதிப்பெண் முன்னால் நின்றது. மறுபடியும் கூட்டினார். அதே நாற்பது. தாளை உரித்து, நாலாக மடித்து, குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மாடிக்கு எந்த பஸ்ஸு?" என்றார்.

சேர்ந்த மூன்றாவது மாதம் அவளுக்கு முதல் பயிற்சி நாள் வந்தது. அதுவரை பொம்மைத் தலையோடு மல்லுக்கட்டியாகிவிட்டது. பொம்மைக்கும் கண் திறந்தே இருந்தாலும் அது பார்ப்பதில்லை. யாருடைய தலை வரப்போகிறதோ என்று துண்டோடு அவள் வாசலைப் பார்த்து நிற்க, படியேறி வந்தவர் அவள் கணவர். தொழிற்சாலைக்கு விடுப்பு போட்டுவிட்டு, இரண்டு மாதமாக வெட்டாமல் வளர்த்த முடியோடு வந்திருந்தார். அவருடைய நல்ல சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இவருதான் உங்க வீட்டுப் பரிசோதகரா?" என்று அடுத்த நாற்காலியிலிருந்து ஓட்டுநர் கேட்டார். "தேர்வாளரே தேவலாம் போலயே!"

கணவர் உட்கார்ந்தார். அவள் துண்டைச் சுற்றினாள். கத்தரியை எடுத்தாள். நடுக்கம் தவறாமல் வந்து சேர்ந்தது. கண்ணாடியில் அவர் அதைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், அவளுக்கு உதவி என்று, குழந்தை மருந்துக்குப் பயந்து மூடுவது போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

எத்தனை வருடமாக அவள் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். இந்த ஒரு ஜோடிக் கண் மூடியிருந்தால் கை நின்றுவிடும். நின்றும்விட்டது. கத்தரி பாறை மாதிரி அசையாமல் இருந்தது. அவள் ஒரு கணம் அந்தக் கையையே பார்த்தாள்.

"கண்ணத் திறங்க," என்றாள்.

"பரவால்லடி. நான் பாக்கல, நீ வெட்டு."

"திறங்க. நீங்க பாத்தாத்தான் எனக்குப் பழகும்."

அவர் திறந்தார். நடுக்கம் திரும்பி வந்தது. அவள் சுண்டுவிரலை அவர் தலையில் ஊன்றினாள். ஒரு குறையும் இல்லாத நல்ல தலை. நடுங்கிய கை வெட்டியது. முக்கால் மணி நேரம் அவர் கண்ணாடியில் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்ததாகவும் சொல்ல முடியாது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு எல்லாம் கலங்கலாகத் தெரிந்திருக்கும்.

ஆசிரியை பைக்குள் கையோடு வந்து நின்றாள். "சொல்லுங்க சார். என்ன பிடிக்கல?"

அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ஒரு குறையும் இல்ல. ரெண்டு பக்கமும் அளந்து வெச்ச மாதிரி இருக்கு," என்றார்.

அவள் சீப்பை இரண்டு காதுக்கும் மேலே குறுக்கே பிடித்துப் பார்த்தாள்.

"பொய் சொல்றாரு மேடம். இடது பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் தூக்கல்," என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே கத்தரியை மறுபடி எடுத்தாள். "எழுந்திரிக்காதீங்க. நல்லாப் பாத்துட்டே உக்காருங்க."